இன்ஜின் கம்ப்ரஸரை எங்கே நிறுத்துவது, ஷெட்டிலா வெட்டவெளியிலா?

இரும்பு கேட்:
பழைய பெட்ரோல் கம்ப்ரஸர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 6.5 எச்பி இன்ஜின், பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ரப்பர் கால். கேட், கிரில்லுக்கு ஸ்ப்ரே அடிக்கத்தான். வீட்டை ஒட்டி மூன்று பக்கம் தகரம் அடைத்த ஷெட் இருக்கிறது, ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு. உள்ளே நிறுத்தினால் தூறலுக்குப் பயமில்லை. புகை திறந்த பக்கமாகப் போய்விடாதா? வெளியே தரை கொஞ்சம் சரிவு வேறு.

ஸ்பேனர்:
ஷெட் வேண்டாம். வெளியே நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஓடும்போது அதிர்ந்து அதிர்ந்து நகரும். அவ்வளவுதான்.

பட்டறைக்காரன்:
அவ்வளவுதான் இல்லை, ஸ்பேனர். கட்டை சரி, அதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்க்க வேண்டும்.

நானும் ஒருமுறை இரண்டு சுவர் சேரும் மூலையில் நிறுத்தினேன். மேலே வானம்தான், கூரைகூட இல்லை. அரை மணி நேரத்தில் கூட வேலை செய்த பையனுக்குத் தலைவலி, குமட்டல். சாப்பிடாமல் வந்திருப்பான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் தலை பாரமானதும்தான் புத்தி வந்தது. காற்று அந்த மூலையில் மோதிச் சுழன்று, புகையை எங்கள் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தது. இன்ஜின் புகையில் இருக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகை நாற்றம் இல்லை என்பதால் அது இல்லை என்று ஆகாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வெட்டவெளியிலேயே இப்படி என்றால், மூன்று பக்கம் அடைத்த ஷெட்டை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தூரத்துக்கு நான் ஜெனரேட்டர் கணக்கையே வைத்துக்கொள்கிறேன். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி, சைலன்ஸர் வாய் ஜன்னல், கதவுக்கு எதிர்ப்பக்கம். சுவர், சருகு, பெயிண்ட் டப்பா எல்லாம் மெஷினை விட்டு ஒரு மீட்டராவது தள்ளி. இன்ஜினும், காற்றை அழுத்தும் பம்பும் காற்றால் ஆறுகிறவை, மூச்சு விட இடம் வேண்டும்.

ஸ்ப்ரே வேலை என்கிறீர்கள், அதில் ஒரு சிக்கல். மெஷினுக்குக் காற்று போகும் பக்கம் நீங்கள் நின்றால் புகை உங்களுக்கு. காற்று வரும் பக்கம் நின்றால் தின்னர் ஆவியும் பெயிண்ட் தூசியும் மெஷினுக்கு. சூடான சைலன்ஸரும் தின்னர் ஆவியும் ஒரே இடத்தில் சேரவே கூடாது. அதனால் காற்று மேற்கிலிருந்து கிழக்கே போனால், நீங்கள் தெற்கே, மெஷின் வடக்கே. புகையும் பெயிண்டும் தனித்தனியாகக் கிழக்கே போகட்டும். சைலன்ஸர் கிழக்குப் பார்த்தும் பம்பின் ஏர் ஃபில்டர் மேற்குப் பக்கமும் இருக்கும்படி திருப்பி வையுங்கள். தன் புகையையே இழுத்தால் அந்த அழுக்கு காற்று டேங்க் வழியாக உங்கள் பெயிண்ட்டில்தான் வந்து இறங்கும். நடுவில் காற்று திரும்பினால் சோம்பல் படாமல் நிறுத்தி இடம் மாற்றுங்கள்.

சரிவை விடவே கூடாது. பெரும்பாலான சின்ன பம்புகளில் உள்ளே ஒரு கரண்டி சுழன்று ஆயிலை அடித்துத் தெளிக்கும், ஆயில் பம்ப் கிடையாது. சாய்ந்தால் கரண்டிக்கு ஆயில் எட்டாது. ஒரு கூத்து சொல்கிறேன். என் இன்ஜின் ஐந்து நிமிடம் ஓடும், அணையும். இரண்டு நாள் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினேன், பிளக் மாற்றினேன். கடைசியில் பார்த்தால், ஆயில் குறைந்தால் அணைக்கிற சென்சார் சரிவில் நின்றதால் ஏமாந்திருக்கிறது. பலகை வைத்து ரசமட்டம் பார்த்தேன், பேசாமல் ஓடியது.

பெயிண்ட் டப்பா:
சைலன்ஸரில் ஒரு பைப் மாட்டி புகையை வெளியே விட்டால் ஷெட்டிலேயே வைக்கலாமே?

பட்டறைக்காரன்:
வேண்டவே வேண்டாம். அதிர்வில் ஜாயின்ட் லூஸாகும், கசியும். பைப்பே அடுப்பு மாதிரி சுடும். புகை தடைப்பட்டால் இன்ஜினும் திணறும். மெஷினை வேலைக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், ஹோஸை நீட்டுங்கள். நீளம் கூடினால் அழுத்தம் குறையும், அதனால் 8 மி.மீ. ஹோஸை விட்டு 10 மி.மீ. போடுங்கள். வழியில் காற்று ஆறி தண்ணீர் விடும், கன் பக்கம் ஒரு வாட்டர் ஃபில்டர் இருக்கட்டும்.

இரும்பு கேட்:
நன்றி அண்ணா. தூறல் வந்தால்? தார்ப்பாய் போடலாமா?

பட்டறைக்காரன்:
ஓடும்போது எதையும் போர்த்தாதீர்கள். தூறலில் எப்படியும் பெயிண்ட் நிற்காது. அணைத்து, பெட்ரோல் வால்வை மூடி, காற்று டேங்கில் காற்றை இறக்கி, அடியில் டிரெயின் வால்வில் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு மூடுங்கள். பெட்ரோல் ஊற்றுவதும் ஆறிய பிறகுதான்.

பழைய மெஷின் என்கிறீர்கள். பெல்ட் மேல் கம்பி வலை இருக்கிறதா? டேங்கில் அழுத்தம் மிஞ்சினால் காற்றைத் திறந்துவிடும் சேஃப்டி வால்வில் யாரும் கைவைத்திருக்கிறார்களா?

இரும்பு கேட்:
வலை இருக்கிறது. சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட் முறுக்கியிருக்கிறது.

ஸ்பேனர்:
அப்படியானால் இடம் தேடுவதை நிறுத்துங்கள். அந்த டேங்குக்கு ஏற்ற வால்வு வாங்கி மாட்டி, டேங்க் உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்கும் வரை ஸ்டார்ட் கயிறே இழுக்காதீர்கள்.