பெரிய வெள்ளி ஹாட் கிராஸ் பன்: பட்டையும் சிலுவையும்தான் காலை வாரும்

ஹாட் கிராஸ் பன் என்பது மேலே சிலுவைக் கோடு போட்ட, மசாலா மணக்கும் இனிப்பு பன். இங்கிலாந்துக் குறிப்புகளில் 500 கிராம் மாவுக்கு 300 மி.லி. பால் என்றிருக்கும். அது புரதம் கூடுதலான பிரெட் மாவுக்கான கணக்கு. நம் கடை மைதா அவ்வளவு குடிக்காது, 240 மி.லி.யில் தொடங்கி, போதாவிட்டால் ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்க்கலாம். 1 முட்டை, சர்க்கரை 75 கிராம், வெண்ணெய் 50, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, உப்பு 8. பட்டைத்தூள் ஒன்றரை டீஸ்பூன், ஜாதிக்காய் கால் டீஸ்பூன், கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை. மணம் தூக்கலாக இருக்கட்டும் என்று பட்டையை இரட்டிப்பாக்கினால் மாவு சரியாக எழும்பாது. பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு ஈஸ்டை மந்தமாக்கிவிடும். பன் கனத்துப்போனால் எல்லாரும் ஈஸ்டைத்தான் திட்டுகிறார்கள், பாவம்.

பால் அளவோடு வெயிலையும் கணக்கில் எடுங்கள். சென்னையில் ஏப்ரலில் பாலைச் சூடாக்கவே வேண்டாம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபடியே ஊற்றலாம். கடிகாரத்தை நம்பாமல், பிசைந்து வைத்த மாவு இரண்டு மடங்கானதும் எழும்ப விடுவதை நிறுத்துங்கள். விட்டால் புளிப்பு வாடை வரும். கிஸ்மிஸ் 150 கிராம், சர்க்கரைப்பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் 50 கிராம். இரண்டையும் பிசைந்து முடித்த பிறகே சேர்க்க வேண்டும். ஊறவைத்த கிஸ்மிஸ் என்றால் துணியில் ஈரம் ஒற்றிவிட்டுப் போடுங்கள், இல்லையேல் மாவு பிசுபிசுக்கும். உருட்டும்போது மேலே துருத்தும் பழத்தை உள்ளே அமுக்குங்கள்; அது கருகினால் கசக்கும்.

சிலுவை பற்றிக் குறிப்புகளில் யாரும் விவரமாகச் சொல்வதில்லையே! 75 கிராம் மைதாவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள், 70 மி.லி.க்குப் பக்கமாகப் பிடிக்கும். ஸ்பூனிலிருந்து நாடா போல இறங்க வேண்டும். நீர்த்தால் வழிந்து தட்டில் ஒட்டும், இறுகினால் வெந்ததும் வெடித்து உதிரும். 75 கிராம் உருண்டைகளை (சுமார் 15 வரும்) ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, இரண்டாம் முறை எழும்பிய பிறகே கோடு போடுங்கள். முன்னாலேயே போட்டால் பன் உப்பும்போது கோடு அறுந்துவிடும். ஒவ்வொரு பன்னுக்கும் தனித்தனியாகப் போடாமல் வரிசை முழுக்க ஒரே இழுப்பாக இழுத்தால் நேராக வரும். ஐசிங்கில் சிலுவை போடுவது அமெரிக்காவில் அதிகம். அது ஆறிய பன்னுக்குத்தான்.

ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் சிறு மின் அவன்) 200 டிகிரி, 18 முதல் 20 நிமிடம். 2 ஸ்பூன் சர்க்கரையை 2 ஸ்பூன் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பன் வெளியே வந்த சூட்டிலேயே தடவுங்கள். ஆறிய பிறகு தடவினால் பிசுபிசுவென்று நிற்கும். மறுநாள் பன் இறுகிவிடும், அப்போது குறுக்கே வெட்டி டோஸ்ட் செய்து வெண்ணெய் தடவிச் சாப்பிடலாம்.