14 அடி அலுமினிய வள்ளம்: ரிவெற் ஒழுகுது, பின்பலகை உக்கிப்போச்சு

வடலி:
இஞ்ச கனடாவில சிம்கோ ஏரியில மீன் பிடிக்கவெண்டு, ரிவெற் (தகடுகளைப் பிணைக்கிற ஆணி) அடிச்ச பழைய வள்ளம் ஒண்டு எடுத்திருக்கிறன். 9.9 குதிரைவலு எஞ்சின். தண்ணியில விட்டு ஒரு மணித்தியாலத்தில கணுக்கால் அளவுக்கு நிறையுது. எஞ்சின் கொளுவுற பின்பலகை விரலால அமத்தவே நொறுங்குது. ஒழுகுற இடத்தை வெல்டிங் பண்ணலாமோ, உள்ளுக்கு எப்பொக்சி பூசினாக் காணுமோ? பலகைக்குப் பச்சை நிறத்தில விக்கிற பதப்படுத்தின மரம் பாவிக்கலாமோ?

கரைவலை:
வெல்டிங் வேண்டாம். தகடு ஒண்டரை மில்லிமீற்றர் அளவுதான். சூடு பட்டா பக்கத்து ரிவெற்றும் தளரும், மூட்டுக்குள்ள ஒழுக்கை அடைக்கிற பசை, அதான் சீலன்ற், அதுவும் எரியும்.

முதல்ல எது ஒழுகுதெண்டு பாருங்கோ. வள்ளத்தை ட்ரெய்லரில வைச்சு உள்ளுக்கு 3 அங்குலம் தண்ணி விடுங்கோ, மேல வேண்டாம். அதுவே சுமார் 300 கிலோ வரும், அதால அடியில முண்டு குடுக்கோணும். வெளிப்பக்கத்தைத் துடைச்சுப்போட்டு, சொட்டுற ரிவெற் எல்லாத்துக்கும் மெழுகுப் பென்சிலால வட்டம் போடுங்கோ.

தளர்ந்ததைத் திரும்ப இறுக்கலாம். வெளியில ஒராள் கனமான இரும்புக் கட்டியைத் தலையோட அமத்திப் பிடிக்க, மற்றாள் உள்ளுக்கு இருந்து சுத்தியலால நாலைஞ்சு தட்டு. கனக்க அடிச்சா ஓட்டை பெருக்கும். தலை தேஞ்சு போனதெண்டாத் துளைச்சு எடுத்துட்டுப் புதுசு போடுங்கோ. அநேகமா 3/16 அங்குலம், எதுக்கும் பழசை அளந்து பாருங்கோ. இருக்கைக்குக் கீழ கை போகாத இடத்துக்கு, ஒரு பக்கத்தில இருந்தே இழுத்து இறுக்கிற பொப் ரிவெற், முனை மூடினது, 5200 எண்டு விக்கிற வள்ளத்துச் சீலன்ற் தடவி. சாதாரண பொப் ரிவெற் நடு ஓட்டையாலயே ஒழுகும். ரிவெற்றுக்கு நடுவில இழுக்கிற ஊசியும் அலுமினியமா இருக்கோணும், இரும்பெண்டாக் கறள் கட்டும்.

நங்கூரம்:
பதப்படுத்தின மரத்தைத் தொடவே தொடாதேங்கோ. அதில செம்பு இருக்கு, ஈரம் பட்டா அலுமினியத்தைத் தின்னும். 3/4 அங்குல மரைன் பிளைவூட் ரெண்டை எப்பொக்சியால ஒட்டினா ஒண்டரை அங்குலம் வரும். உக்கின பலகையைத் தூளாக்காமல் கழட்டுங்கோ, அதுதான் உங்கட அச்சு.

வெட்டின விளிம்புக்கு எப்பொக்சி மூண்டு தரம். எல்லாரும் கோட்டை விடுறது போல்ற் ஓட்டையில. அளவை விடப் பெரிசாத் துளைச்சு, எப்பொக்சியால நிரப்பி, காஞ்ச பிறகு அதுக்கு நடுவில சரியான அளவுக்குத் துளைக்கோணும். இல்லாட்டி அதால தண்ணி இறங்கி, பனிக்காலத்தில உறைஞ்சு, பலகை பிளக்கும். போல்ற் 316 ரக ஸ்டெயின்லெஸ் உருக்கு, சீலன்ற்றோட.

வடலி:
நன்றி. அப்ப எப்பொக்சி பூச்சே தேவையில்லையோ? இருக்கைக்குள்ள இருக்கிற ஃபோம் பிழிஞ்சா தண்ணி வருது.

கரைவலை:
பூச்சு கடைசி வேலை. ரிவெற் ஆடினா அதுக்கு மேல என்ன பூசினாலும் வெடிக்கும். இறுக்கி முடிச்ச பிறகு உள்மூட்டுகளுக்கு க்ளுவிட் எண்ட எப்பொக்சிப் பூச்சுப் பூசலாம். சுரண்டுறதுக்கு இரும்புக் கம்பித் தூரிகை பாவிக்காதேங்கோ, துகள் தகட்டில ஏறி அரிக்கும். செம்பு கலந்த அடிப்பெயின்ற்றும் கூடாது.

தண்ணி குடிச்ச ஃபோமை எறியுங்கோ. ஆனா வெறுமையா விடவேண்டாம், கவிழ்ந்தா வள்ளத்தை மிதக்க வைக்கிறது அதுதான். நீல, இளஞ்சிவப்பு நிறத்தில விக்கிற பொலிஸ்ரைறீன் பலகையை வெட்டிச் செருகலாம். பெற்றோல் பட்டாக் கரையும், தாங்கிக்குப் பக்கத்தில வைக்காதேங்கோ.

நங்கூரம்:
9.9 எண்டபடியா வள்ளத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை, அது 10 குதிரைவலுவில இருந்துதான். ஓட்டுறவருக்கு வள்ளம் ஓட்டுறதுக்கான தகுதி அட்டை கட்டாயம். பின்பக்கம் தண்ணி வடியிற குழாய் பித்தளையோ எண்டும் பாருங்கோ. அதைச் சுத்தித் தகடு வெள்ளையாப் பொரிஞ்சிருந்தா, பாதி ஒழுக்கு அதாலயும் இருக்கலாம்.