ஃப்ரீசரில் ஐஸ் கட்டுகிறது, கீழே குளிரே இல்லை: உண்மையிலேயே கேஸ் தீர்ந்துவிட்டதா?

முத்துநகர்வாசி

வணக்கம். எங்கள் வீட்டில் 260 லிட்டர் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் இருக்கிறது. 2016இல் வாங்கியது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை, இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாதிரி. ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் இன்னும் உறைகிறது. ஆனால் கீழே வைத்த பால் காலைக்குள் திரிந்துவிடுகிறது, தோசை மாவு பொங்கி வழிகிறது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது. அவ்வப்போது ஃப்ரீசரின் உள்ளேயிருந்து எதையோ உரசுவது போல ஒரு சத்தம் வருகிறது.

வந்து பார்த்த மெக்கானிக் உள்ளே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப 4,500 ரூபாய்" என்றார். மழைக்காலத்துக்கு முன்பும் வேறொருவர் இதையே சொல்லி கேஸ் நிரப்பினார். பத்துப் பதினைந்து நாள் நன்றாக ஓடியது, பிறகு பழைய கதைதான். அம்மாவின் இன்சுலினும் இதில்தான் இருக்கிறது. மறுபடியும் நிரப்பலாமா, அல்லது புதிய ஃப்ரிட்ஜ் வாங்குவதே மேலா?

மருந்துக்கடைக்காரர்

ஃப்ரிட்ஜ் இருக்கட்டும், முதலில் இன்சுலின். ஃப்ரீசர்தான் குளிர்கிறதே என்று அதை அங்கே மாற்றிவிடாதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் வீண். உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடியே தெரிந்தாலும் போடக் கூடாது. திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் கொடுத்து வையுங்கள். இதுவரை கீழ்த்தட்டின் வெப்பத்தில் கிடந்த மருந்தைத் தொடர்ந்து போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாஞ்சில் குளிர்

பணம் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். இந்தத் தொழிலில் நீண்ட காலம் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கேஸ் குறைந்ததற்கானவை அல்ல. ஒரு கேள்வி: ஃப்ரிட்ஜை ஒரு முழுநாள் அணைத்து, கதவுகளைத் திறந்து போட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்தது உண்டா?

முத்துநகர்வாசி

உண்டு ஐயா. பொங்கலுக்கு வீடு கழுவியபோது அப்படிச் செய்தோம். அதன்பின் கீழேயும் ஜில்லென்று இருந்தது, சத்தமும் இல்லை. தானாகவே சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். பிறகு மறுபடி இப்படி.

நாஞ்சில் குளிர்

அப்படியானால் விஷயம் தெளிவாகிவிட்டது. உங்கள் ஃப்ரிட்ஜில் கீழ் அறைக்கென்று தனியாகக் கூலிங் காயில் (குளிரூட்டும் குழாய்ச் சுருள்) கிடையாது. ஃப்ரீசரின் பின்சுவர் பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு காயில்தான். அதன் குளிர்ந்த காற்றை ஒரு சின்ன ஃபேன் மேலேயும் கீழேயும் தள்ளுகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நுழையும் ஈரம் அந்தக் காயிலில் பனியாகப் படியும். உங்கள் ஊர்க் கடற்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். இந்தப் பனியை உருக்கத்தான் காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டர். சுமார் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டைமர் கம்ப்ரசரை நிறுத்தி அதைப் போடும். உருகிய நீர் குழாய் வழியாக இறங்கி, கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் ஆவியாகிவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பாகம் செத்தாலும் பனி ஏறிக்கொண்டே போய்க் காற்று வழியை அடைத்துவிடும். காயிலை ஒட்டியிருப்பதால் ஃப்ரீசர் சமாளிக்கும், கீழ் அறைதான் முதலில் பட்டினி கிடக்கும். உரசல் சத்தம் ஃபேன் இறக்கை ஐஸில் இடிப்பது.

போன முறை கேஸ் நிரப்பியவர் வேலைக்காக ஃப்ரிட்ஜை எவ்வளவு நேரம் அணைத்து வைத்திருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் பனி உருகியிருக்கும். குளிர் திரும்பியதற்குக் காரணம் அதுவே, பெயர் மட்டும் கேஸுக்கு. கேஸ் என்பது பெட்ரோல் போல எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். ஓட்டையைக் காட்டாமல் கேஸ் நிரப்புகிறேன் என்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஐஸை உருக்குவதற்கு முன்பே பின்தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். காயில் மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக வெள்ளையாக இருந்தால் கேஸ் சரியாக இருக்கிறது. கேஸ் நுழையும் பக்கத்தில் ஓரிரண்டு வளைவில் மட்டும் பனி, மற்ற இடமெல்லாம் வெறுமை என்றால் கேஸ் குறைவு. கத்தி, ஸ்க்ரூடிரைவர் கொண்டு ஐஸைக் குத்தாதீர்கள். அலுமினியக் குழாய் ஒரு குத்துக்குத் தாங்காது, அப்புறம் நிஜமாகவே கேஸ் போய்விடும்.

முத்துநகர்வாசி

கழற்றிவிட்டேன். தகடு ஐஸோடு ஒட்டியிருந்ததால், சூடான தண்ணீர்ப் பாத்திரத்தை ஃப்ரீசருக்குள் வைத்துக் கொஞ்சம் இளக்கித்தான் எடுக்க முடிந்தது. காயில் எங்கே என்றே தெரியவில்லை. மேலிருந்து அடி வரை ஒரே வெள்ளைச் சுவர். கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில் ஆர்600ஏ என்று போட்டு, பக்கத்தில் தீச்சுடர் முத்திரையும் இருக்கிறது.

நாஞ்சில் குளிர்

கேஸ் முழுமையாக இருக்கிறது. ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன், சமையல் எரிவாயுவுக்கு நெருங்கிய சொந்தம். தீப்பற்றும். ஆகவே குழாயை வெட்டிப் பற்றவைப்பது அதற்கான பயிற்சியும் கருவியும் உள்ளவர் வேலை. நல்லவேளை, உங்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஓம்விதி

மல்டிமீட்டர் (மின்தடையை அளக்கும் கருவி) வைத்திருக்கிறீர்களா? ஐஸ் முழுக்க உருகி, எல்லாம் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு, பிளக் போடாமலே மூன்று பொருள்களை அளந்து பாருங்கள். ஒன்று, ஹீட்டர். அதன் மேல் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். 150 வாட் என்றால் 230 வோல்ட்டுக்குக் கணக்குப்படி 350 ஓம் அருகில் வர வேண்டும். அடுத்தது தெர்மல் ஃபியூஸ், வெள்ளை உறைக்குள் இருக்கும் சிறிய உருண்டை. அது சூடு எல்லை மீறினால் அறுந்து ஹீட்டருக்கான மின்சாரத்தைத் துண்டிப்பது. மூன்றாவது பைமெட்டல், காயில் குழாயில் கவ்வியிருக்கும் வட்டமான டப்பி. அது போதிய சூடு வந்ததும் ஹீட்டரை நிறுத்துவது.

முத்துநகர்வாசி

அளந்துவிட்டேன். ஹீட்டரில் 150 வாட் என்று அச்சிட்டிருக்கிறது, மீட்டர் 346 ஓம் காட்டுகிறது. தெர்மல் ஃபியூஸில் மின் தொடர்பே இல்லை. பைமெட்டலில் தொடர்பு இருக்கிறது, மீட்டர் பீப் என்கிறது.

வீட்டுவேலை விரும்பி

பிறகென்ன, ஹீட்டர் நன்று, பைமெட்டல் நன்று, ஃபியூஸ் மட்டும் போயிருக்கிறது. புதிது கிடைக்கும்வரை அந்த இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

நாஞ்சில் குளிர்

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விரும்பி அவர்களே, உங்கள் வீட்டிலும் இன்றே அதைப் பிரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் கட்டுப்பாடில்லாமல் ஓர் ஹீட்டர் எரிவது விளையாட்டல்ல, அதுவும் தீப்பற்றும் கேஸ் உள்ள குழாயின் அருகில்.

பைமெட்டல் நன்று என்பதும் தவறு. மீட்டர் பீப் என்றாலே நல்லது என்ற பழக்கம் இங்கே ஏமாற்றும். பைமெட்டல் பூஜ்ஜியத்துக்குக் கீழே நன்றாகக் குளிர்ந்தால்தான் தொடர்பு கொடுக்கும், அறை வெப்பத்தில் திறந்தே இருக்க வேண்டும். தூத்துக்குடி வெயிலில் அது பீப் என்கிறது என்றால் உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பனி உருகிய பிறகும் ஹீட்டரை நிறுத்த ஆள் இல்லை. சூடு ஏறியது, 70 டிகிரிக்கு மேல் போனதும் ஃபியூஸ் தன்னை அறுத்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றியது. நீங்கள் ஃபியூஸை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். இரண்டும் ஒரே ஒயரில் சேர்ந்த செட்டாகவே கடையில் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். பழையதைக் கையோடு கொண்டுபோய், அதில் அச்சிட்ட எண்ணைக் காட்டி வாங்குங்கள். பொருத்த யாரையாவது அழைப்பதானால், இந்த வேலைக்கு மட்டும் கூலி பேசுங்கள்.

ஒயரை மாட்டியதும் டைமரின் குமிழை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று சத்தம் கேட்டுக் கம்ப்ரசர் நிற்க வேண்டும். காயில் குளிர்ந்திருக்கும்போது இதைச் செய்தால்தான் ஹீட்டர் வேலை செய்யும். அறை வெப்பத்தில் சோதித்துவிட்டு, வரவில்லையே என்று பதறாதீர்கள்.

முத்துநகர்வாசி

செட்டை வாங்கி, பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியனை வைத்து மாட்டியாயிற்று. ஒருநாள் ஓடவிட்டு டைமரைத் திருப்பினோம். கம்ப்ரசர் நின்றது. சற்று நேரத்தில் உள்ளே சொட்டுச் சத்தம், பின்பக்கத் தட்டில் தண்ணீர். மூன்று வாரமாகக் கீழ் அறையில் தெர்மாமீட்டர் 4, 5 டிகிரியில் நிற்கிறது. உரசல் சத்தமும் இல்லை. உதவிய எல்லோருக்கும் நன்றி.

நாஞ்சில் குளிர்

மகிழ்ச்சி. ஒன்று மட்டும் பாருங்கள். முன்பு வந்தவர் உண்மையிலேயே கேஸ் ஏற்றியிருந்தால் அளவு கூடியிருக்கலாம். பின்னால் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் தடித்த குழாயில் பனி படிகிறதா?

முத்துநகர்வாசி

இல்லை ஐயா, காய்ந்துதான் இருக்கிறது. கேஸ் ஏற்றும் சிறு குழாயையும் எலக்ட்ரீசியன் டார்ச் அடித்துப் பார்த்தார். கம்பெனியில் மூடிய முனை அப்படியே இருக்கிறது, வெட்டிய தடமோ புதிதாகப் பற்றவைத்த தடமோ கிடையாது. அந்த மெக்கானிக்கின் ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.