40 டிகிரியில் பினிபாம் திரள்கள் வளர்ந்துகொண்டே போகின்றன, எந்த அளவை எடுப்பது?

கேள்வி:
பினிபாமை (சூடாக்கினால் நீரிலிருந்து பிரிந்து திரளும் பாலி என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்ற பாலிமர்) லிட்டருக்கு 1 கிராம் வீதம் பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் உப்புக் கரைசல்) கரைத்து, மெதுவாகச் சூடாக்கி, 40 டிகிரியில் நிறுத்தி டிஎல்எஸ்ஸில் (ஒளிச்சிதறலைக் கொண்டு அளக்கும் கருவி) துகள் அளவு பார்க்கிறேன். 30 டிகிரியை ஒட்டிக் கலங்குகிறது, சரி. ஆனால் வெப்பநிலை மாறாமல் இருந்தும் நேரம் போகப் போக அளவு ஏறுகிறது. கடைசியில் குவெட்டின் (அளவிடும் சிறு கலம்) அடியில் வெள்ளையாகப் படிகிறது. குளிரவைத்தாலும் கலங்கிய வெப்பநிலைக்குக் கீழே போன பிறகுதான் தெளிகிறது. பாலிமர் கெட்டுவிட்டதா?

பதில் 1:
முழுவதும் தெளிகிறது என்றால் கெடவில்லை. சுருண்ட நிலையில் அமைடு தொகுதிகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கின்றன. அதைப் பிரித்து நீர் உள்ளே போக இன்னும் கொஞ்சம் குளிர வேண்டும். அப்படிப் பிணைப்பு போட உதவும் என்-எச் (நைட்ரஜன்-ஹைட்ரஜன்) இல்லாத பாலி டைஎத்தில் அக்ரிலமைடில் கலங்கும் வெப்பநிலைக்கும் தெளியும் வெப்பநிலைக்கும் இடையிலான இந்த இடைவெளி மிகக் குறைவு.

பதில் 2:
அளவு ஏறுவதற்கு எனக்குச் சந்தேகம் பஃபர் மேல்தான். வெறும் நீரில், நீர்த்த கரைசலில், இந்தத் திரள்கள் நாள்கணக்கில் அளவு மாறாமல் நிற்கும். காரணம் மேற்பரப்பில் உள்ள மின்சுமை. பெர்சல்ஃபேட் தொடக்கியில் (பாலிமராக்கலைத் தொடங்கி வைக்கும் பொருள்) செய்த பாலிமர் என்றால் சங்கிலி முனையிலேயே மின்சுமையுள்ள சல்ஃபேட் இருக்கும். உப்பு அந்த விலக்கு விசையை மறைத்துவிடுகிறது, மோதும் திரள்கள் ஒட்டிக்கொள்கின்றன. நீரில் 32 டிகிரியில் வர வேண்டிய கலங்கல் உங்களுக்கு முன்பே வருவதும் உப்பால்தான்.

அப்புறம், சூடாக்கும் வேகம். மெதுவாகப் போனால் மேகப்புள்ளிக்கு (கரைசல் கலங்கத் தொடங்கும் வெப்பநிலை) அருகில், உள்ளே நீர் நிறைந்து மென்மையாக இருக்கும் திரள்களுக்கு ஒன்றாகக் கலக்க நேரம் கிடைக்கிறது. சட்டென 40க்குப் போனால் அவை சிறியதாக இருக்கும்போதே இறுகிவிடும். பிறகு மோதினாலும் சங்கிலிகள் பின்னிக்கொள்வதற்குள் விலகிவிடும். ஆகவே ‘சரியான அளவு’ என்று தேடாதீர்கள். செறிவு, உப்பு, சூடாக்கிய வேகம், காத்திருந்த நேரம் நான்கையும் சேர்த்தே எழுதுங்கள். டிஎல்எஸ் அளவைக் கணக்கிட நீரின் பாகுநிலையும் வேண்டும், அதில் 40 டிகிரிக்கான மதிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்: நீருக்கு 25இல் 0.89, 40இல் 0.65 மில்லிபாஸ்கல் நொடி.

கேள்வி கேட்டவர்:
காய்ச்சி வடித்த நீரில், நேராகச் சூடான குளியலில் இறக்கிப் பார்த்தேன். திரள்கள் சிறியவை, அளவும் நிலையாக நிற்கிறது! ஆனால் செல் சோதனைக்குப் பஃபர் இல்லாமல் முடியாதே?

பதில் 2:
அப்படியானால் மின்சுமையை நம்ப வேண்டாம். பாலிஎத்திலீன் கிளைக்கால் தொகுதி சேர்ந்த பினிபாமை எடுங்கள். 40 டிகிரியிலும் அந்தப் பகுதி நீரில் விரிந்து நின்று திரள்களை விலக்கி வைக்கும். பஃபரில் உள்ள அளவு உப்பு அதை ஒன்றும் செய்யாது.