டிஜிட்டல் பிரிண்டிங்: ‘எண்ணிம அச்சு’ வேண்டாம், ‘நேரடி அச்சு’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் சேர்ந்து தொகுக்கும் அச்சுத் துறைச் சொற்பட்டியலில் டிஜிட்டல் பிரிண்டிங்குக்குத் தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. எண்ணிம அச்சு, மின்னணு அச்சு, இலக்கமுறை அச்சு, கணினி அச்சு என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்குமே நல்ல தமிழ்தான். ஆனால் நான்கும் கணினியில் இருக்கும் கோப்பைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர, தாளில் மை எப்படி ஏறுகிறது என்பதைச் சொல்லவில்லை.

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஓர் ஆப்செட் அச்சகத்துக்குள் போய்ப் பாருங்கள். பத்திரிகை மேட்டரைக் கணினியில்தான் அடிக்கிறார்கள். நிறம் பிரிப்பதும் கணினியில்தான். சி.டி.பி. (கம்ப்யூட்டர் டு பிளேட்) இயந்திரம் அந்தக் கோப்பை லேசரால் நேரே அலுமினியத் தகட்டில் பதித்துவிடுகிறது, நடுவில் பிலிம்கூடக் கிடையாது. ஆக, தகடு கையில் வரும்வரை ஆப்செட்டும் எண்ணிமம்தான். இரண்டுக்கும் பொதுவான ஒன்றை எடுத்து ஒன்றுக்கு மட்டும் பெயராக வைத்தால், புதிதாகத் தொழில் கற்க வரும் பிள்ளைக்கு அந்தப் பெயர் எதையும் பிரித்துக் காட்டாது.

அப்படியானால் எது பிரிக்கிறது? பழைய முறைகள் எல்லாவற்றிலும், அச்சிட வேண்டிய உருவத்தை முதலில் ஒரு பொருளில் நிலையாகச் செய்து வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பொதுவாக ‘அச்சுரு’ என்று சொல்லலாம் என்பது என் முதல் பரிந்துரை. எழுத்துக்கோப்பு அச்சில் ஈய எழுத்துகளை அடுக்கிய பக்கம்தான் அச்சுரு. நம் தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது அப்படித்தான். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரியவை, தாளை நிறைய விழுங்கின. அதனால் பக்கத்திலேயே பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், காகிதப் பட்டறையும் வைத்தார்கள். அச்சுருவின் அளவே ஒரு புத்தகத்தின் செலவை முடிவு செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் பகுதியில் இல்லை.

ஆப்செட்டில் அந்த இடம் தகட்டுக்கு. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையை வைத்து 1796 வாக்கில் அலாய்ஸ் செனிஃபெல்டர் கல்லச்சைக் கண்டுபிடித்தார். ஆப்செட் தகடும் அதே விதியில்தான் வேலை செய்கிறது. உருவம் உள்ள இடம் எண்ணெய்ப் பசையுள்ள மையை ஏற்கும், உருவம் இல்லாத இடம் நீரை ஏற்று மையைத் தள்ளிவிடும். தகட்டிலிருந்து மை, உருளையில் சுற்றிய ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டுக்குப் போய், அங்கிருந்து தாளுக்கு இறங்கும். சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என நிறத்துக்கு ஒரு தகடு. நான்கையும் பூட்டி, மையும் நீரும் சமநிலைக்கு வரும்வரை ஓட்டும் தாள்கள் கழிவுதான். ஆனால் ஒருமுறை சரியாகிவிட்டால் ஆயிரம் ஆனாலும் பத்தாயிரம் ஆனாலும் ஒரு பிரதியின் செலவு குறைந்துகொண்டே போகும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் துணிச் சட்டம், கிராவூரில் செதுக்கிய உருளை, ஃபிளெக்ஸோவில் பாலிமர் தகடு. எல்லாமே அச்சுருதான்.

டிஜிட்டலில் இது இல்லை. லேசர் வகையில், மின்னேற்றிய ஓர் உருளையின் மேல் ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் மாறுகிறது. அந்த மாற்றத்தின்படி மைத்தூள் போய் ஒட்டுகிறது, தாளுக்கு இறங்குகிறது. பிறகு சூடான உருளை, சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அதை உருக்கித் தாளோடு சேர்க்கிறது. தூள் என்று சொன்னாலும் அது பெரும்பாலும் நுண்ணிய பிளாஸ்டிக். செஸ்டர் கார்ல்சன் 1938இல் செய்து காட்டிய உலர் நகல் முறையின் வழிவந்ததுதான் இது. முக்கியமானது அடுத்து நடப்பது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த உருளை துடைக்கப்படுகிறது, அடுத்த தாளுக்கு உருவம் புதிதாக எழுதப்படுகிறது. இன்க்ஜெட்டில் உருளைகூடக் கிடையாது. நுண்துளைகளிலிருந்து சில பிக்கோலிட்டர் அளவுள்ள துளிகள் தாளில் விழுகின்றன. சில இயந்திரங்களில் வெப்பத்தால் உண்டாகும் குமிழி துளியைத் தள்ளும், சிலவற்றில் மின்சாரம் பட்டு வளையும் படிகம் தள்ளும். ஊருக்கு ஊர் நிற்கும் ஃபிளெக்ஸ் பேனர்களும் இன்க்ஜெட் வழி வந்தவையே.

ஆகவே என் இரண்டாவது பரிந்துரை: ‘நேரடி அச்சு’. அச்சுரு செய்யாமல், கோப்பிலிருந்து நேரடியாகத் தாளுக்கு வரும் அச்சு.

‘நேரடி’ என்ற சொல்லை நான் வயலிலிருந்துதான் எடுத்தேன். மேட்டூர் தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் நாகை, வேதாரண்யம் கடைமடைகளில் நாற்றங்கால் விடாமல், நாற்றுப் பறித்து நடாமல், விதையை வயலிலேயே விதைத்துவிடுகிறார்கள். அதை நேரடி விதைப்பு என்கிறார்கள். நாற்றங்கால் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில்தான் ஆப்செட்டில் தகடு இருக்கிறது. அதை விட்டுவிட்டால் தொடக்கச் செலவும் காத்திருப்பும் போகும். டெல்டாவில் யாரிடமும் ‘நேரடி’ என்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இனி எதிர்வாதங்கள். மயிலாடுதுறையில் ஆப்செட் ஓட்டும் நண்பர், லேசர் வகையிலும் மை உருளையிலிருந்துதானே தாளுக்குப் போகிறது, அதை எப்படி நேரடி என்பீர்கள் என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. 1993இல் சந்தைக்கு வந்த இண்டிகோ என்ற டிஜிட்டல் அச்சு இயந்திரத்தில் பிளாங்கெட்டே உண்டு. ஆனால் அந்த உருளையோ பிளாங்கெட்டோ எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஐந்தாம் தாளில் இருந்த பெயர் ஆறாம் தாளில் மாறலாம். தகட்டில் அது நடக்காது. ‘நேரடி’ என்பது மை போகும் பாதையைக் குறிக்கவில்லை, கோப்புக்கும் தாளுக்கும் நடுவே நிலையான உரு இல்லை என்பதையே குறிக்கிறது என்று பட்டியலின் விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவோம்.

இன்னொருவர், ஈய எழுத்து தாளைத் தொட்டு அச்சிடும் பழைய முறையையே பாடநூல்கள் நேர்முக அச்சு என்ற பொருளில் சொல்கின்றனவே என்றார். உண்மைதான். அந்த இடத்தில் ‘தொடு அச்சு’ என்று வைத்தால் குழப்பம் தீரும், பொருளும் துல்லியமாகும்.

‘நேரச்சு’ என்று சுருக்கலாமே என்ற யோசனைக்கு மட்டும் நான் உறுதியாக மறுப்புச் சொல்கிறேன். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் கோடு போட்டு நேர அச்சு என்று சொல்வது உடனே காதில் விழும். இரண்டு எழுத்து கூடினாலும் பரவாயில்லை.

எண்ணிம அச்சு என்பதே உலக வழக்கோடு ஒத்துப்போகும் என்ற திருவாரூர் அம்மாவின் வாதத்தை நான் தள்ளவில்லை. அதைப் பட்டியலில் ‘காண்க: நேரடி அச்சு’ என்று கட்டாயம் வைக்க வேண்டும். இலங்கை நண்பர்களுக்காக இலக்கமுறை அச்சையும் அப்படியே வைக்கலாம். தேடுகிறவர் எந்தச் சொல்லில் தேடினாலும் வந்து சேர வேண்டும்.

சரி, இந்தச் சொல்லால் என்ன பயன்? விலை பேசும்போது தெரியும். ஒருவர் தல வரலாறு ஒன்றை ஐம்பது பிரதி போட வேண்டும் என்கிறார். ஆப்செட்டில் தகட்டுச் செலவும் கழிவுத் தாளும் அந்த ஐம்பதின் தலையில் விழும். நேரடி அச்சில் முதல் பிரதிக்கும் ஐம்பதாவது பிரதிக்கும் ஒரே செலவு, அதே நாளில் வாங்கிப் போகலாம். கும்பாபிஷேகப் பத்திரிகை ஐயாயிரம் என்றால் கணக்கு தலைகீழ், ஆப்செட்தான். கையால் தடவினால் தட்டுப்படும் தடித்த மை வேண்டுமென்றால் இன்றும் ஸ்கிரீன்தான். மைத்தூள் தாளின் மேலேயே உட்காருவதால் தடித்த அட்டையை மடிக்கும் இடத்தில் வெடிக்கும், மடிப்புக்கோடு போட்டுத்தான் மடிக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஈரம் வாங்கிய தாளில் மைத்தூள் சரியாக இறங்காது, தாள்கட்டை (ரீமை) பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது. இதையெல்லாம் அச்சகத்தார் வாடிக்கையாளரிடம் தமிழில் சொல்ல முடிய வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

அப்புறம், இதோடு சேர்ந்து முடிக்க வேண்டியவை: டோனர் ‘மைத்தூள்’, இன்க்ஜெட் ‘மைத்துளி அச்சு’, பிளேட் ‘தகடு’. ஆப்செட்டை ஆப்செட் என்றே விடலாம், அது தமிழாகிவிட்டது. தாளுக்குத் தாள் பெயரும் முகவரியும் மாறும் அச்சுக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘மாறுதரவு அச்சு’ என்பது எனக்கு வறட்சியாகப் படுகிறது, ‘தாள்மாறி அச்சு’ என்பதைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். அந்த வேலையைத் தினமும் செய்கிறவர்கள் கடையில் என்ன சொல்லிக் கேட்கிறீர்கள் என்று எழுதினால், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து