மீண்டும் மீண்டும் போகும் ஃபியூஸ்: கோளாறைக் கண்டுபிடித்த அனுபவங்கள்

நாமக்கல் உறுப்பினர்:

கடந்த ஐப்பசியில், இருட்டிய பிறகு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்தில் காரை நிறுத்தியபோது, பின்னால் தம் வண்டியில் வந்த என் மனைவியின் தம்பி ஓடி வந்து, "மச்சான், நீங்கள் பிரேக் பிடித்தபோது பின்னால் ஒரு பிரேக் விளக்குகூட எரியவில்லை" என்றார். பிள்ளைகள் இருவரும் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

பிரேக் விளக்குக்கான சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. புதிதாகப் போட்டது இரண்டு நாள் தாங்கியது. அதற்கடுத்தது அன்று மாலையே போனது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், மஞ்சள் நிற 20 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். நான் உறுதியாக மறுத்துவிட்டேன். ஒயர் எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்துத்தான் ஃபியூஸின் அளவை வைக்கிறார்கள். அதைக் கூட்டினால் ஃபியூஸ் உருகுவதற்கு முன்பே ஒயர் சூடேறி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தீப்பற்றக்கூடும்.

எப்போது போகிறது என்பதைக் கவனித்ததிலேயே பாதி வேலை முடிந்தது. செருகியவுடனே போயிருந்தால், ஃபியூஸ் பெட்டிக்கும் பிரேக் மிதிக்கு மேலுள்ள ஸ்விட்சுக்கும் இடையில் தேடியிருப்பேன். என் காரிலோ மிதியை அழுத்தும்போது மட்டுமே, அதிலும் சில வேளைகளில் மட்டுமே போனது. ஆகவே ஸ்விட்சைத் தாண்டிப் பின்விளக்குக்குச் செல்லும் ஒயர்தான் எங்கோ பாடியில் பட்டு ஷார்ட் ஆகிறது என்று முடிவு செய்தேன். உருகிய ஃபியூஸின் உட்புறம் கரி படிந்திருந்ததும் அதையே உணர்த்தியது.

சோதனைக்கு ஒரு ஃபியூஸ் என்று வீணாக்காமல், 21 வாட் பல்பு ஒன்றில் இரு ஒயர்களை இணைத்து ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகினேன். ஷார்ட் ஆனாலும் அந்தப் பல்பு 2 ஆம்பியருக்கு மேல் விடாது. பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். (பிரேக் விளக்குப் பல்புகளை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அவற்றின் வழியே மின்சாரம் ஓடி, சோதனைப் பல்பு எரிந்து நம்மைக் குழப்பிவிடும்.) மிதியை ஒரு கட்டையால் அழுத்தி நிறுத்திவிட்டு, ஒயர் போகும் வழியெங்கும் கையால் அசைத்துக்கொண்டே பின்பக்கம் வந்தேன். டிக்கி கதவைப் பாதி தூக்கியபோது பல்பு பளிச்சிட்டது.

கீலருகே இருந்த ரப்பர் குழாயை நீக்கிப் பார்த்தபோது, ஆண்டுக்கணக்கில் மடங்கி நிமிர்ந்து ஒயரின் மேலுறை வெடித்திருந்தது. செம்புக் கம்பி தகட்டில் உரசிய கருந்தடமும் தெரிந்தது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, சற்றுத் தளர்வாக நிற்கும்படி நீளமான புது ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவை மாட்டினேன். வெறும் டேப் சுற்றினால் நம் ஊர் வெயிலில் பசை இளகிவிடும். அதன் பிறகு இன்றுவரை அதே ஃபியூஸ்தான் இருக்கிறது.

தூத்துக்குடி உறுப்பினர்:

எனக்கு நேர்ந்தது வேறு வகை. சார்ஜர் சாக்கெட்டுக்கான நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ், டயருக்குக் காற்றடிக்கும் பம்பை ஓட்டிச் சில நிமிடங்கள் ஆன பிறகே போகும். சாக்கெட்டுக்குள் நாணயம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளந்தும் ஷார்ட் இல்லை. கடைசியில்தான் பம்பின் அடியில் 12 வோல்ட், 200 வாட் என்று அச்சிட்டிருந்ததைப் படித்தேன். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 17 ஆம்பியர்! இப்போது அதன் ஒயரிலேயே தனி ஃபியூஸ் வைத்து, கவ்விகளால் நேரடியாகப் பேட்டரியில் மாட்டுகிறேன்.

தஞ்சாவூர் உறுப்பினர்:

என் காரில் ஹாரன் ஃபியூஸ், அதுவும் என்ஜின் ஓடும்போது மட்டுமே போகும். எலி கடித்த ஒயர், என்ஜின் அதிர்வில் பக்கத்து இரும்புப் பட்டையில் தட்டிக்கொண்டிருந்தது. நாமக்கல் நண்பர் சொன்ன பல்பு சோதனையை எல்லா ஃபியூஸுக்கும் செய்யலாமா?

நாமக்கல் உறுப்பினர்:

கூடாது, ஐயா. விளக்கு, ஹாரன் போன்ற எளிய சுற்றுகளுக்கு மட்டும் அது பொருந்தும். ஏர்பேக் ஃபியூஸில் பல்பையோ மீட்டரையோ வைக்கவே வேண்டாம். ஏர்பேக் தவறுதலாக வெடித்து விரியும் ஆபத்து உண்டு. அதை அந்தப் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிடுங்கள்.