பிதாவோட சித்தத்துக்கு கீழ்ப்படியுறதுன்னா என்னன்னு யார்கிட்டயாவது நேர்ல பாத்திருக்கீங்களா?

கடுகுவிதை:
ஒரு சின்னப் பிள்ளையோட அடக்க ஆராதனை, அதுக்கு மேல விவரம் வேணாம். கல்லறைகிட்ட எல்லாரும் இயேசு சொல்லிக் குடுத்த பரமண்டல ஜெபம் சொல்றோம், பிள்ளையோட அப்பா என் பக்கத்துலதான் நிக்கிறாரு, "உம்முடைய ராஜ்யம் வருவதாக" வரைக்கும் சத்தமா சொன்னவரு டக்குனு நின்னுட்டாரு. அடுத்த வரி என்னன்னு உங்களுக்கே தெரியும். நாங்க பாட்டுக்கு ஆமென் வரைக்கும் ஓட்டிட்டோம், பாஸ்டர் திரும்பி நடக்கவே ஆரம்பிச்சிட்டாரு, அப்பதான் இவரு யாரையும் பாக்காம "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக"ங்கிற அந்த ஒரு வரிய மட்டும் தனியா சொல்லி முடிச்சாரு. குரல்ல பக்தியெல்லாம் இல்லங்க, கோவம்தான். அத கீழ்ப்படிதல்னு சொல்றதா சண்டைன்னு சொல்றதான்னு இன்னும் புரியல.

விளக்குத்தண்டு:
பிரதர், தப்பா எடுத்துக்காதீங்க, அது அவிசுவாசம். கோவத்தோட சொல்ற ஆமென் எப்படி கீழ்ப்படிதலாகும்? சவுல் ராஜா கதை என்ன? எதிரிகளான அமலேக்கியர்கிட்ட இருந்த ஆடு மாட்ட முழுசா அழிக்கணும்னு கர்த்தர் சொன்னா, நல்லதா பாத்து வச்சுக்கிட்டு "பலியிடத்தான் வச்சேன்"னு தீர்க்கதரிசி சாமுவேல்கிட்ட சாக்கு சொன்னான், ராஜ்யமே போச்சு. 1 சாமுவேல் 15 முழுசா வாசிங்க. அரைகுறை கீழ்ப்படிதல் கீழ்ப்படியாமைதான். காலைல போன எடுக்குறதுக்கு முன்னாடி முழங்கால் போடுங்க, வாரத்துல ஒரு நாள் உபவாசம் இருங்க, எந்த முடிவா இருந்தாலும் முதல்ல வசனம், அப்புறம் சமாதானம் இருக்கான்னு பாக்கணும், அப்புறம் மூத்த விசுவாசிகள்ட்ட கேக்கணும், இந்த ஆர்டர்ல போனா தடுமாற்றமே வராது. என் அனுபவம்னா, ஒரு டிரான்ஸ்பர் வேணாம்னு கர்த்தர் உள்ள உணர்த்துனாரு, போகல, ஆசீர்வாதமா இருக்கேன்.

ஈசோப்பு:
விளக்குத்தண்டு, சவுல் பேராசைல செஞ்சான், அந்த மனுஷன் பிள்ளைய புதைச்சிட்டு நிக்கிறாரு, ரெண்டும் ஒன்னா? சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேல இயேசுவே இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும்னு கேட்டாரே, அதுவும் மூணு தடவ, மத்தேயு 26ல இருக்கு. குமாரனா இருந்தும் பாடுபட்டுத்தான் கீழ்ப்படிய கத்துக்கிட்டாருன்னு எபிரெயர் 5:8 சொல்லுது. அவருக்கே அப்படின்னா.

என்னுது வேற மாதிரி. ஒரு வாலிபர் கூட்டம், லீடர் பிள்ளைங்க பெத்தவங்களுக்கு கீழ்ப்படியணும்னு சொல்ற எபேசியர் 6:1 எடுத்துட்டு "கண்ணுக்குத் தெரியுற அப்பாவுக்கு கீழ்ப்படியாதவன் பரலோகப் பிதாவுக்கு எப்படி கீழ்ப்படிவான்"னு கேக்குறாரு, எல்லாரும் தலையாட்டுறோம், பின்னாடி இருந்து ஒரு பொண்ணு எந்திரிச்சு ஸ்லீவ மேல தூக்கி தோள்ல இருந்த தழும்ப காட்டி "அண்ணா, இது கண்ணுக்குத் தெரியுற அப்பா போட்டது, 4ஆம் வசனத்தையும் வாசிங்க"ன்னா. பிதாக்களே, பிள்ளைகளக் கோவப்படுத்தாதீங்கன்னு வருமே, அந்த வசனம். லீடர் வாசிக்கல, பாட்டு பாடுவோம்னுட்டாரு. பிதான்னு சொன்னாலே அவளுக்கு எந்த முகம் வரும்னு அங்க யாரும் யோசிக்கல. கீழ்ப்படியணும்னு சொல்றதுக்கு முன்னாடி எப்பேர்ப்பட்ட அப்பான்னு சொல்லணும்ல? இயேசு கீழ்ப்படிஞ்சதும் பயந்து இல்லையே, அவரோட சித்தத்த செய்றதே என் சாப்பாடுன்னாருல்ல.

ஏழாம்மணி:
என் ஃப்ரெண்டு ஒருத்தன் அக்கவுண்ட்ஸ்ல இருந்தான். பொய்க் கணக்குல கையெழுத்து போட சொன்னாங்க, மாட்டேன், என் பிதாவுக்கு பிடிக்காதுன்னுருக்கான். மேனேஜர் சிரிச்சிக்கிட்டே "அப்ப அவர்ட்டயே சம்பளம் வாங்கிக்க"ன்னாராம். வேல போச்சு. கடவுள் தனக்கு செஞ்சத எல்லார் முன்னாடியும் சொல்ற மாதிரி சர்ச்ல சாட்சி சொல்ல கூப்பிட்டாங்க, இவனும் போயி நடந்தத சொல்லிட்டு மைக்க குடுத்துட்டான். பாஸ்டர் மைக்க வாங்காம "இப்போ அதவிட பெரிய வேலை குடுத்துருக்காருல்ல?"ன்னு எடுத்துக் குடுக்குறாரு, இவன் "இல்ல பாஸ்டர், பாதி சம்பளம்தான்"ங்கிறான். ஒரு அல்லேலூயா வரல. எனக்கு அதுதான் ஆறவே மாட்டேங்குது, அன்னைக்கு அவன் சொன்னதுல என்ன குறைன்னு கைதட்டல? சிலுவைல கூட உடனே யாரும் வந்து இறக்கி விடலியே. அப்புறம் அவன சாட்சி சொல்லவே கூப்பிடுறதில்ல.

கடுகுவிதை:
ஈசோப்பு, அந்தப் பொண்ணு அப்புறம் கூட்டத்துக்கு வந்தாளா?

ஈசோப்பு:
வர்றா. லீடர்தான் மாறிட்டாரு.

விளக்குத்தண்டு:
ஏழாம்மணி, உங்க ஃப்ரெண்ட காத்திருக்க சொல்லுங்க, வேலை கண்டிப்பா வரும். கர்த்தருக்குக் காத்திருக்கிறவங்க புதுபெலன் அடைவாங்கன்னு வர்ற ஏசாயா 40:31 அனுப்பி விடுங்க. உபவாசம் இருக்காரான்னும் கேளுங்க.